செடி மறுக்கும் மாதங்கள்

சித்திரை பிறந்து வெயில் ஏறிய பிறகு, திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளிப் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்தில் தக்காளிப் பூ ஒன்றைப் பறித்து உற்றுப் பார்த்தால், ஆனியில் தக்காளி என்ன விலை விற்கும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். பூவின் நடுவே மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி, நுனி குவிந்த மஞ்சள் கூம்பாக நிற்கும். சூல்முடி அந்தக் கூம்புக்குள் ஒளிந்திருக்க வேண்டும். காற்று அசைத்தாலோ, வண்டு ரீங்கரித்து உலுக்கினாலோ, மகரந்தம் உள்பக்கமாக உதிர்ந்து அதன்மேல் விழும். தன் பூவைத் தானே சூலாக்கிக்கொள்ளும் செடி இது. கடும் வெயில் காலத்துப் பூவிலோ சூல்முடி கூம்பைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கூம்பைக் கறுப்புத் துணியின்மேல் தட்டிப் பார்த்தால் தூள் சொற்பமாகத்தான் விழும். பூக்காம்பின் நடுவில் முட்டியாக ஒரு கணு இருக்கிறது. சூல் பிடிக்காத பூ அந்தக் கணுவில் மஞ்சளித்து, சில நாட்களில் முறிந்து விழும். ‘பூ கொட்டுது’ என்று தோட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

தக்காளியின் காட்டு மூதாதைகள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியைச் சேர்ந்தவை. பகல் வெயிலை அச்செடி ஓரளவு பொறுத்துக்கொள்ளும்; இரவு குளிர வேண்டும். பகல் 32 டிகிரியையும் இரவு 21 டிகிரியையும் தாண்டிக்கொண்டே போனால் மகரந்தம் உருவாவதே தடுமாறுகிறது. அதிலும் பூ மலரும் நாளைவிட, அதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் முன்பு, மொட்டு சிறு மணியாக இருக்கும்போதுதான் சூடு அதிகம் கெடுக்கிறது. ஆகவே இன்று உதிரும் பூ, போன வாரத்து இரவின் கணக்கைச் சொல்கிறது. இன்று பூ ‘கொட்டுகிறதே’ என்று மருந்துக் கடைக்கு ஓடி ஊக்கி வாங்கித் தெளிப்பவர், பத்து நாள் தாமதமாக ஓடுகிறார்.

பூ பிடித்த நாளிலிருந்து காய் பழுத்துச் சிவக்க 45 முதல் 50 நாள் ஆகும். சித்திரையும் வைகாசியும் பூவைக் கொட்டினால் ஆனி, ஆடியில் சந்தை காலியாகும். 2023 ஜூலையில் நடந்தது நினைவிருக்கலாம். தமிழ்நாட்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி மேலும் ஏறியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்றது. அதற்குச் சில வாரம் முன்பு, மே மாதத்தில், அதே பழத்தைப் பறிக்கும் கூலிகூடக் கிடைக்காமல் வயலிலேயே விட்டவர்கள் உண்டு. செப்டம்பருக்குள் விலை மீண்டும் விழுந்து, ஆந்திராவிலும் மகாராஷ்டிராவிலும் சாலையோரம் கொட்டினார்கள். ஐந்து மாதத்துக்குள் ஒரு முழுச் சுற்று.

வெப்ப மண்டலத்தில் காய்கறி வைத்து லாபம் பார்ப்பது பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் விளைச்சலைப் பற்றியே பேசுகின்றன: ஏக்கருக்கு எத்தனை டன், எந்த ரகம், எவ்வளவு உரம். கொங்கு நாட்டுத் தோட்டக்காரருக்குத் தெரிந்த கணக்கு வேறு. செடி மனமுவந்து காய்க்கும் மாதத்தில் எல்லோருடைய செடியும் காய்க்கிறது. அது மறுக்கும் மாதத்தில்தான் விலை இருக்கிறது. அந்த மறுப்பு எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் தாண்டலாம், தாண்ட முடியாத இடம் எது என்பதே இந்தப் பகுதியில் காய்கறி விவசாயத்தின் அறிவியல்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மானாவாரிக்குச் சொன்னது. மழையை நம்பிய காட்டில் சோளத்துக்கும் பயறுக்கும் அது இன்றும் சரி. கிணறும் மோட்டாரும் வந்த பிறகு, விதைக்கும் நாளை வானம் தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. பட்டத்தில் எல்லோரும் நட்டால், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் காய் வருகிறது. உடுமலைச் சந்தையில் 14 கிலோ பெட்டிதான் தக்காளிக்கு அளவு. அந்தப் பெட்டி 100 ரூபாய்க்கும் கீழே இறங்கும் நாட்களில், பறிக்கும் கூலி, வண்டி வாடகை, கமிஷன் கழித்தால் விவசாயி கையிலிருந்து போட வேண்டியிருக்கும். தக்காளியைப் பறிக்காமல் ஒரு வாரம் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. செங்காயாக மாறத் தொடங்கியதும் காய் எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளிவிடுகிறது. அந்த வாயு மேலும் பழுக்க வைக்கிறது. பழுக்கப் பழுக்க வாயு கூடுகிறது. தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாத ஓட்டம் அது.

விலை ஏறிய ஆண்டில் எல்லோரும் நடுவதும், விழுந்ததும் எல்லோரும் விடுவதும் இந்திய விவசாயிக்கு மட்டும் உள்ள பலவீனம் அல்ல. அமெரிக்கப் பொருளியலாளர் மார்டெகாய் எசக்கியல் 1938இல் இதற்கென்றே ‘சிலந்தி வலைத் தேற்றம்’ என்ற கட்டுரையை எழுதினார். நடும் நாளுக்கும் விற்கும் நாளுக்கும் இடையே மாதங்கள் இருக்கும்போது, நடுகிறவர் கையில் இருப்பது பழைய விலை மட்டுமே. அந்தப் பழைய விலையை வைத்து ஆயிரம் பேர் தனித்தனியே எடுக்கும் சரியான முடிவு, ஒன்றுசேரும்போது தவறாகிவிடுகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒட்டன்சத்திரம் சந்தையின் பல ஆண்டு விலைகளை வைத்துத் தக்காளி, கத்தரி, வெண்டைக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. நல்ல வேலை. ஆனால் அந்த அறிவிப்பு வரும் நாளில் பெரும்பாலான வயல்களில் நாற்று ஏற்கெனவே ஊன்றியாகிவிட்டது. குழித்தட்டில் நாற்று வளர 25 நாள், நட்டபின் முதல் பறிப்புக்கு ஏறக்குறைய 70 நாள். மூன்று மாதத்துக்கு அப்பால் பார்க்கும் கண் வேண்டும்.

முருங்கையை எடுத்துக்கொண்டால் இந்தக் கதை இன்னும் துலக்கமாகத் தெரியும். திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே மூலனூர், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் அதுதான் பணப்பயிர். வெள்ளகோவில் கொள்முதல் நிலையத்தில் மர முருங்கை, செடி முருங்கை, கரும்பு முருங்கை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்கிறார்கள். இதில் செடி முருங்கை பெரியகுளம் கொடுத்தது. அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம், முருங்கையின் வாழ்க்கையையே மாற்றியது. அதுவரை முருங்கை என்றால் போத்து வெட்டி நடுவது. மரமாகிக் காய்க்க ஆண்டுகள் காத்திருப்பது. பி.கே.எம்.1 விதையிலிருந்து ஆறே மாதத்தில் காய்க்கிறது. ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 200 காய்க்கு மேல். காய் இரண்டு அடிக்கும் கூடுதல் நீளம். எக்டேருக்கு 50 டன்.

செடி முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாத செடி ஒற்றைக் கம்பாக மேலே ஓடிவிடும். கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும், பூ கைக்கெட்டும் உயரத்தில் வரும். ஓராண்டு காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் அரிந்துவிட்டால், நாலைந்து மாதத்தில் அதே மரம் புதுக் கிளையில் மறுபடி காய்க்கும். இப்படி மூன்று ஆண்டு மறுதாம்பு எடுக்கலாம்.

இவ்வளவு தாராளமான மரம் கோடையில் காயைக் கொட்டித் தள்ளும். வைகாசியில் கிலோ ஐந்து ரூபாய்க்கும் கேட்க ஆளிருக்காது. மார்கழியில் அதே காய் சில ஆண்டுகள் 300 ரூபாயையும் தாண்டியிருக்கிறது. மார்கழியில் பறிக்க வேண்டிய காய்க்குப் பூ ஐப்பசியில் மலர வேண்டும். பூவிலிருந்து காய் முற்ற இரண்டு மாதம். ஐப்பசி இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். வானம் மூடியிருந்தால் கிளையில் பூவே குறைவு. வந்த பூவும் மழையில் நனைந்து உதிர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முருங்கைப் பூவைச் சூலாக்குவதில் பெரும் பங்கு கருநீல இறக்கை மின்னும் தச்சு வண்டுக்கு உண்டு. மழைத்தூறலில் அது பொந்தைவிட்டு வெளியே வராது. ஆக, 300 ரூபாய் என்பது ஒரு வண்டு பறக்காத நாட்களின் விலையும்தான்.

இதைச் சுற்றி வரும் வழியை அனுபவஸ்தர்கள் கவாத்து நாளில் தேடுகிறார்கள். முழுத் தோட்டத்தையும் ஒரே வாரத்தில் அரியாமல், பகுதி பகுதியாக அரிவது. முதலில் அரிந்த பகுதி மழைக்கு முன்பே, ஆவணி, புரட்டாசி வெயிலில் பூத்துவிட்டால், அந்தக் காய் கார்த்திகைச் சந்தையைப் பிடிக்கும். மார்கழியின் உச்ச விலை கிடைக்காது, ஆனால் வைகாசியின் ஐந்து ரூபாயிலிருந்து தப்பலாம். மழை பிந்தினால் யோகம். முந்தினால் அதுவும் போகும். காய்ந்த ஐப்பசி ஒன்றில் எல்லோருக்கும் பூ உதிராமல் பிடித்துவிட்டால் உச்ச விலையே வராது என்பதையும் சேர்த்துத்தான் இந்தச் சூதாட்டம்.

இன்னொரு வழி, பூவே தேவைப்படாத அறுவடைக்குப் போவது. முருங்கை இலை. தண்ணீர் இருக்கும்வரை தழை எல்லா மாதத்திலும் துளிர்க்கும். நிழலில் உலர்த்தி அரைத்தால் மாதக்கணக்கில் கெடாத பொடி. தமிழக அரசு அறிவித்த முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் திருப்பூர் மாவட்டமும் இருக்கிறது. இலைக்காக வளர்ப்பதென்றால் மரத்தை நெருக்கி நட்டு, கீரைபோல் அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்க்கென்று நட்ட தோட்டத்தில் மிஞ்சிய தழையைக் கழித்துக் கொடுப்பது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து இறங்கியவர்களுக்கு இரண்டிலும் கட்டுப்படியாகவில்லை.

கெடும் பொருளைக் கெடாத பொருளாக்கி விற்பது ஊத்துக்குளிக்குப் புதிதல்ல. இந்த ஊர் வெண்ணெய்க்குப் பேர்போனது. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும் மேட்டுப் பூமியில், காட்டுப்புல்லையும் சோளத்தட்டையும் எருமைக்குப் போட்டு, பாலை வெண்ணெயாக்கி வெளியூருக்கு அனுப்பிய குடும்பங்கள்தான் இங்கே பல. எந்த மாதம் எது வராது என்று தெரிந்து வாழ்ந்த மண் இது.

மறுக்காத பயிர்களும் உண்டு. வெண்டை அதில் முதலாவது. கத்திரி வெயிலில் தக்காளி துவண்டு நிற்கும்போது வெண்டை தினம் ஒரு பூ விடும். பூத்து ஐந்தாறு நாளில் காய் பறிக்க வேண்டும். இரண்டு நாள் தவறினால் நார் ஓடி, நுனி ஒடியாமல் வளையும், மண்டியில் கழித்துவிடுவார்கள். முற்றிய காயைச் செடியில் விட்டால் மேலே புதுப் பிஞ்சும் குறைகிறது. விதையை முற்ற வைப்பதில் செடி தன் சத்தைச் செலவழித்துவிடுகிறது. அதனால் ஒன்றுவிட்டு ஒருநாள், விடியற்காலையில், சுணை அரிக்கும் காய்களை ஒவ்வொன்றாகக் கையால் ஒடிக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் இங்கே இல்லை. ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் அரை மணி தூரம். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் அது. காலையில் கம்பெனி வண்டி ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. நிழலில் வேலை, சனிக்கிழமை சம்பளம், ஓவர்டைம் பார்த்தால் கூடுதல். முள்ளிலும் சுணையிலும் குனிந்து நிற்பதைவிட அதைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணைக் குறைசொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. ‘ஆளுக கிடைக்கறதில்லீங்க’ என்ற பேச்சைக் கேட்காமல் இந்த வட்டாரத்தில் ஒரு தோட்டத்தைக் கடந்துவர முடியாது. அதன் பொருள், காய்கறிக்கான கூலி கம்பெனிக் கூலியோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்பதே. கூலியை உயர்த்தி ஈடுகொடுக்கிற விலை காய்க்குக் கிடைக்காதபோது, தோட்டம் தென்னைக்கோ முருங்கைக்கோ மாறுகிறது. ஆறு பேர் பறிக்கும் அரை ஏக்கர் வெண்டையை இன்று நடத்துபவர், பெரும்பாலும் தானும் குடும்பமும் இறங்கிப் பறித்து, விடியும் முன்னே உழவர் சந்தையில் தானே தராசு பிடிப்பவராக இருப்பார். உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியது. திருப்பூரில் வடக்கிலும் தெற்கிலும் இரண்டு சந்தைகள். அங்கே விலை மண்டியைவிடக் கூட, வெளிக்கடையைவிடக் குறைவு. சின்னத் தோட்டத்துக்கு அந்த இடைவெளிதான் சம்பளம்.

பின்னலாடை ஊர் இந்தத் தோட்டங்களிடம் எடுத்துக்கொண்டது ஆளை மட்டுமல்ல. தண்ணீரிலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளச் சாயப்பட்டறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கொள்கிறது. பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் கரைந்ததும் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், சாயம் ஏறாது. நடுவில் உப்பைக் கொட்டினால், சோடியம் அயனிகள் இழையின் மின்னூட்டத்தை மறைத்து, சாயத்தைத் துணிக்குள் விடுகின்றன. அடர் நிறமென்றால் லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பு வேண்டும். வேலை முடிந்தபின் துணியில் உப்பு துளியும் தங்குவதில்லை. போட்டது முழுவதும் கழிவுநீரில் வெளியேறுகிறது. பல ஆண்டுகள் அது நொய்யல் ஆற்றில் போனது. நொய்யலின் குறுக்கே சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டி முடித்த அணை, பாசனத்துக்கென்று கட்டப்பட்டு, சாய நீர் தேங்கும் தொட்டியானது. கரையோரக் கிணறுகளில் உப்பு இறங்கியது. நீண்ட வழக்குகளுக்குப் பிறகு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறியவையே பிறகு திறந்தன. உப்பைப் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் தொழில்நுட்பத்தில் திருப்பூர் இன்று முன்னோடி. ஆனால் மண்ணுக்குள் முன்பே இறங்கியதை எந்த ஆலையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

உப்பு எந்தப் பயிரை எவ்வளவு பாதிக்கும் என்பதை அமெரிக்காவின் மாஸ், ஹாஃப்மன் என்ற இரு விஞ்ஞானிகள் 1977இல் தொகுத்தார்கள். மண்ணின் மின்கடத்துத் திறனை, சுருக்கமாக ‘இ.சி.’யை, மீட்டருக்கு டெசிசீமன்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். பீன்ஸ் 1 வரை தாங்கும். வெங்காயம் 1.2. மிளகாய் 1.5. தக்காளி 2.5. பருத்தியோ 7.7 வரை அசையாது. எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு அலகுக்கும் வெங்காயம் 16 சதவீதம் விளைச்சலை இழக்கிறது. தக்காளி ஏறக்குறைய 10 சதவீதம். இ.சி. 4 உள்ள மண்ணில் தக்காளி 15 சதவீதம் குறையும், வெங்காயம் பாதியை நெருங்கி இழக்கும், பருத்திக்கு ஒன்றும் ஆகாது. எந்தச் செடியின் பஞ்சுக்குச் சாயமேற்ற உப்பைக் கொட்டினார்களோ அந்தச் செடி தாங்கிக்கொள்ளும். பக்கத்து வயல் சின்ன வெங்காயம் தாங்காது.

ஊத்துக்குளி வட்டாரத்தில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறுகிறது. ஆகவே அடுத்த தோட்டத்தில் எது நன்றாக வந்தது என்று பார்த்து நடுவது இங்கே ஆபத்து. தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுக்க ஆகும் செலவு ஒரு பெட்டித் தக்காளி விலைதான். உப்பு மிதமாக இருக்கும் இடத்தில் தக்காளி சிறுத்தாலும் இனிப்புக் கூடுகிறது என்பது உண்மை. கூடவே வேர் கால்சியத்தை இழுக்கத் திணறி, காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதும் உண்டு. நோய் என்று நினைத்து அதற்குப் பூஞ்சாண மருந்து அடித்துப் பணத்தைத் தொலைத்தவர்கள் அநேகம். சோடியம் மிகுந்து மண் மேலே ஓடுபோல் இறுகினால் ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரோ மழையோ வரும்போது கழுவி இறக்க வேண்டும். கால்சியம் வந்து சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும்.

சொட்டுநீரும் இங்கே வெறும் தண்ணீர்ச் சிக்கனக் கருவி அல்ல. சொட்டு விழும் இடத்திலிருந்து ஈரம் குடைபோல விரியும்போது, உப்பு அந்த ஈரத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, வேர் இருக்கும் நடுப்பகுதி ஓரளவு நன்னீராக இருக்கும். குழாய்க்கு நடுவே மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்பது அப்படித் தள்ளப்பட்ட உப்பே. இதில் ஒரு பொறி இருக்கிறது. கோடையில் முதல் தூறல் விழுந்ததும் ‘மழை வந்துவிட்டதே’ என்று மோட்டாரை நிறுத்துவது எல்லோருக்கும் இயல்பு. அந்தச் சிறு மழை விளிம்பில் நின்ற உப்பைக் கரைத்து நேராக வேருக்குக் கொண்டுவருகிறது. மறுநாள் செடி வாடி நிற்கும். நல்ல மழை பெய்து உப்பு கீழே இறங்கும்வரை, தூறலிலும் சொட்டுநீரை ஓட விட வேண்டும். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது. இந்த ஒரு விஷயத்தையும் குழாயோடு சேர்த்துச் சொல்லி அனுப்பினால் எத்தனையோ தோட்டங்கள் பிழைக்கும்.

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு-அவினாசித் திட்டம் தொடங்கியது. பவானி ஆற்றின் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலே ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது திட்டம். பல பதிற்றாண்டுக் கோரிக்கை அது. குளம் நிரம்பினால் சுற்றுக் கிணறுகளில் மட்டம் உயரும், உப்பும் நீர்த்துப்போகும். எந்தக் கிணற்றில் எவ்வளவு என்பதை ஆண்டுக்கு இருமுறை இ.சி. பார்த்துக் குறித்து வைத்தால், வெங்காயத்துக்குத் திரும்பலாமா என்று ஒரு தோட்டம் தீர்மானிக்க அதுவே போதும்.

வெங்காயத்தைப் பற்றி இத்தனை கவலை ஏனென்றால், பல்லடம், பொங்கலூர், குண்டடம் பக்கத்துச் சின்ன வெங்காயம், இந்த மாவட்டத்தில் விவசாயி விலைக்காகக் காத்திருக்க முடிந்த அபூர்வப் பயிர். தக்காளிக்கும் வெண்டைக்கும் இல்லாத ஒன்று அதனிடம் உண்டு: உறக்கம். தாள் சாய்ந்து, கழுத்து வற்றி மூடிய காய், சில மாதம் முளைக்காமல் உள்ளேயே தூங்கும். அந்தத் தூக்கத்தைக் காப்பதற்கென்று வயலோரம் போடுவதே பட்டறை. தரையிலிருந்து உயர்த்திய, குறுகிய, நீளமான மேடை. பக்கங்களில் காற்றுப் புகத் தட்டி. மேலே கூரை வேய்ச்சல். குளிர்பதனக் கிடங்கு இல்லாத ஏழைகளின் ஏற்பாடு என்று இதைப் பார்க்கிறவர்கள் உண்டு. தாவர உடலியல் வேறு சொல்கிறது. வெங்காயம் உறைநிலையை ஒட்டிய குளிரில் தூங்கும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்திலும் தூங்கும். நடுவில், 10 முதல் 20 டிகிரியில்தான் வேகமாக முளைவிடும். ஊர்க் காற்றின் சூடே அதற்குத் தாலாட்டு. அரைகுறைக் குளிர்தான் எதிரி. பட்டறையில் கெடுப்பது ஈரம். அதனால்தான் அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துகிறார்கள், தாளோடு உலர விடுகிறார்கள், கடைசிக் கட்டத்தில் யூரியா போட மறுக்கிறார்கள். தழைச்சத்து கூடினால் கழுத்து தடித்து, மூடாமல், அழுகல் உள்ளே இறங்கும்.

விதைச் செலவில்தான் பெரிய பாரம். காயையே விதையாக ஊன்ற எக்டேருக்கு 1,500 கிலோ வேண்டும். விலை ஏறிய ஆண்டில் விதைக்காயே சொத்தை அழிக்கும். கோவை பல்கலைக்கழகத்தின் கோ.5 ரகம் சமவெளியிலேயே பூத்து விதை கட்டும் சின்ன வெங்காயம். எக்டேருக்கு மூன்று கிலோ விதை போதும். ஆனால் நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டும், அதற்கும் ஆள். மறுபடி அதே வாசலில் வந்து நிற்கிறோம்.

இத்தனையும் கடந்து, உப்பில்லாத கிணறும் காய்ந்த பட்டறையுமாக ஒருவர் 2023 கார்த்திகையில் விலைக்குக் காத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த டிசம்பர் 8ஆம் தேதி மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. வடக்கே பெரிய வெங்காயத்தின் விலையை அடக்க எடுத்த முடிவு அது. இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயத்தோடு ஒன்றாகவே பார்க்கப்படுவதால், சேர்ந்து மாட்டிக்கொண்டது. தடை நீங்கியது 2024 மே மாதத்தில். அதுவரை எந்தப் பட்டறையும் தாங்காது. சின்ன வெங்காயத்துக்குத் தனிச் சுங்கக் குறியீடு கொடுங்கள் என்று திருப்பூர் மாவட்ட விவசாயிகள் தொடர்ந்து கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2023 செப்டம்பரில், வெங்காயத்துக்கு 40 சதவீத ஏற்றுமதி வரி நடப்பில் இருந்தபோதே, கர்நாடகத் தோட்டக்கலைத் துறையின் சான்றிதழ் இருந்தால் போதும் என்று பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்கு மட்டும் அதே மத்திய அரசு விலக்கு கொடுத்தது. அந்தச் சான்றிதழ் முறையைப் பல்லடத்துக்கும் எழுத ஓர் அரசாணை போதும்.